பெட்டியில் எழுதிய வேகமும் கணினிக்கு வந்து சேரும் வேகமும்

கணினிக் கடையில் வைஃபை அடாப்டர் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஓர் எண்தான். ஏசி600, ஏசி1300, ஏஎக்ஸ்1800 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். வீட்டில் 300 மெகாபிட் ஃபைபர் இணைப்பு இருக்கும். 1300 என்று எழுதிய அடாப்டரை வாங்கி டெஸ்க்டாப்பின் பின்புறம் செருகி வேகத்தைச் சோதித்தால் 80 அல்லது 90 என்று காட்டும். அடாப்டர் பழுது என்று சிலர் முடிவு கட்டுவார்கள். இணைப்பு தருபவர் ஏமாற்றுகிறார் என்று சிலர் கோபப்படுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை.

ரூட்டரில் தொடங்கி கணினியின் நினைவகம் வரை தரவு பல கட்டங்களைக் கடந்து வருகிறது: காற்று அல்லது கம்பி, ஆன்டெனா, அடாப்டரின் சிப், யூஎஸ்பி போர்ட், டிரைவர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அவற்றுள் எது மிகக் குறைவோ, அதுதான் நமக்குக் கிடைக்கும் வேகம். பெட்டியில் அச்சிட்ட எண் அந்தக் கட்டங்களில் ஒன்றை மட்டுமே சொல்கிறது. ஆகவே நல்ல அடாப்டரைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர் முதலில் தன் வீட்டில் பாதை எங்கே குறுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். (இந்த அத்தியாயத்தில் மெகாபிட், கிகாபிட் என்று வருபவை எல்லாம் வினாடிக்கான அளவுகள்.)

1300 எப்படி வந்தது?

ஏசி1300 என்பது ஒரு கூட்டல் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த அடாப்டர் எட்டக்கூடிய உச்சம் 400 மெகாபிட். 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டினால் 1,267. அதை முழுமையாக்கி 1300 என்று அச்சிடுகிறார்கள். ஏஎக்ஸ்1800-ம் இப்படித்தான்: 574-ம் 1,201-ம் சேர்ந்தது. ஆனால் இந்த அடாப்டர்கள் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில் மட்டுமே ரூட்டரோடு பேசும். இரண்டு அலைவரிசைகளை ஒரே சமயத்தில் சேர்த்துப் பயன்படுத்தும் வசதி வைஃபை 7-இல்தான் வந்தது. எனவே ஏசி1300-இல் நாம் கணக்கில் கொள்ள வேண்டியது 867 மட்டும்.

அந்த 867-ஐயும் பிரித்துப் பார்க்கலாம். வைஃபை 5 தரத்தில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைத்தடத்தை மெல்லிய கிளைத்தடங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் 234 தரவைச் சுமக்கின்றன. சமிக்ஞை மிகத் தெளிவாக இருக்கும்போது ஒவ்வொரு கிளைத்தடமும் ஒரு துடிப்புக்கு 8 பிட் சுமக்கும். அவற்றில் ஆறில் ஐந்து பங்கு உண்மையான தரவு, மீதி பிழைதிருத்தத்துக்கு. ஒரு துடிப்பின் நீளம் 3.6 மைக்ரோ வினாடி. இரண்டு ஆன்டெனாக்கள் இரண்டு தனி ஓடைகளை அனுப்புகின்றன. 234-ஐ 8-ஆல் பெருக்கி, ஆறில் ஐந்து பங்கு எடுத்து, இரண்டால் பெருக்கி, 3.6-ஆல் வகுத்தால் 866.7 கிடைக்கும்.

இந்தக் கணக்கில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரு நிபந்தனை. ரூட்டரும் 80 மெகாஹெர்ட்ஸ் தடத்தைத் தர வேண்டும். இரு பக்கமும் இரண்டு ஆன்டெனாக்கள் வேண்டும். துடிப்புக்கு 8 பிட் சுமக்கும் அளவுக்குக் காற்று தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் 867 சரியும்.

ஷானன் வகுத்த எல்லை

காற்றில் எவ்வளவு தரவை அனுப்ப முடியும் என்ற கேள்விக்கு 1948-இல் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் விடை தந்தார். அலைத்தடத்தின் அகலமும், இரைச்சலைவிடச் சமிக்ஞை எத்தனை மடங்கு வலுவானது என்பதும் சேர்ந்து உச்சத்தைத் தீர்மானிக்கின்றன. அகலத்தை இரட்டித்தால் உச்சமும் இரட்டிக்கும். சமிக்ஞையின் வலுவை இரட்டித்தாலோ ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு பிட் மட்டுமே கூடும்.

சமிக்ஞை இரைச்சலைவிட 1,000 மடங்கு வலுவாக இருந்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 பிட் அனுப்பலாம். 80 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் ஓர் ஓடைக்கு 800 மெகாபிட். அதே வலுவில் 20 மெகாஹெர்ட்ஸ் தடம் தரக்கூடியது 200 மட்டுமே. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில்தான் அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்புகள், கம்பியில்லா மவுஸ்கள் எல்லாம் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018-இல் அந்த வரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஆகவே 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் மலிவான டாங்கிளை வாங்குகிறவர் நெரிசலான, குறுகிய தடத்தில் நிற்க நேரும். 5 கிகாஹெர்ட்ஸ் என்பது குறைந்தபட்சத் தேவை.

அமெரிக்கா 2020 ஏப்ரலில் 6 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. வைஃபை 6இ, வைஃபை 7 அடாப்டர்களின் மதிப்பு பெரிதும் இந்த அகலத்தில்தான் இருக்கிறது. இந்த வரிசையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ரூட்டரும் அதைத் தர வேண்டும். விண்டோஸில் இதைப் பயன்படுத்த விண்டோஸ் 11 வேண்டும். மூன்றும் அமையாதவருக்கு அந்தக் கூடுதல் விலையால் பயனில்லை.

இரும்புப் பெட்டியின் நிழலில்

டெஸ்க்டாப் கேபினெட் தகட்டால் ஆனது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை உலோகத்துக்குள் சில மைக்ரோமீட்டர் ஆழம்கூடப் போவதற்குள் அடங்கிவிடும். அப்படியென்றால் பின்புறம் செருகிய டாங்கிளுக்கும் ரூட்டருக்கும் நடுவே முழுக் கேபினெட்டும் ஒரு சுவர். அது போதாதென்று கேபினெட்டை மேசைக்கடியில், வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கிறோம். நேர்வழி அடைபட்டு, சுவர்களில் பட்டுத் திரும்பும் பலவீனமான அலைகள்தான் டாங்கிளை எட்டுகின்றன.

டாங்கிளின் உருவமும் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6. நன்றாக இயங்கும் எளிய ஆன்டெனாவுக்கு அலைநீளத்தில் கால் பங்கு வேண்டும், அதாவது 2.4-இல் 3 சென்டிமீட்டர். இரண்டு ஆன்டெனாக்கள் இரண்டு தனி ஓடைகளை நன்றாகப் பிரித்தறிய வேண்டுமானால் அவற்றுக்கிடையே அரை அலைநீள இடைவெளி இருப்பது நல்லது. விரல் நகம் அளவேயான நானோ டாங்கிளில் இதற்கெல்லாம் இடமில்லை. மடிக்கணினியில் துருத்திக்கொண்டு நிற்காமல் இருப்பதற்காகப் பிறந்த வடிவம் அது. ஓரிடத்தில் நிற்கும் டெஸ்க்டாப்புக்கு அந்தச் சமரசம் தேவையே இல்லை.

இன்னொரு பகை கணினிக்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்பி 3.0 கம்பியில் தரவு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, அதன் மின் துடிப்புகள் பரந்த அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலும் விழுகிறது. இதை அளந்து 2012-இல் வெளியிட்டது இன்டெல் நிறுவனம். யூஎஸ்பி 3.0 வன்தட்டு ஒன்றை இணைத்ததும் அருகில் அந்த வரிசையின் இரைச்சல் 20 டெசிபல் அளவுக்கு உயர்ந்தது. அதாவது நூறு மடங்கு. ஷானனின் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால், 1,000 மடங்கு வலுவாக இருந்த சமிக்ஞை இரைச்சலைவிடப் பத்து மடங்காகக் குறுகும். 20 மெகாஹெர்ட்ஸ் தடத்தின் உச்சம் 200-லிருந்து 70 மெகாபிட்டுக்கு இறங்கும். கம்பியில்லா மவுஸ் தடுமாறுவதற்கும் பல வேளைகளில் இதுவே காரணம்.

மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவற்றை ஒரே செலவில் தீர்க்கலாம். நிமிர்த்தி நிறுத்தக்கூடிய இரண்டு ஆன்டெனாக்கள் உள்ள அடாப்டரை ஒரு மீட்டர் நீளமுள்ள தரமான யூஎஸ்பி 3.0 நீட்டிப்புக் கம்பியோடு மேசைமேல், ரூட்டரை நோக்கி வையுங்கள். தகட்டின் நிழல் விலகும். மற்ற யூஎஸ்பி போர்ட்களின் இரைச்சலும் தள்ளிப்போகும். மேசையில் நிற்கும் தாங்கியோடு விற்கப்படும் அடாப்டர்களும் உண்டு. டெஸ்க்டாப்புக்கு அவையே ஏற்றவை.

பகிரும் காற்று, பகிராத கம்பி

1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனின் குழு தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி அலையால் இணைத்தது. அலோஹாநெட் என்ற அந்த வலையமைப்பில் எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில், நினைத்தபோது அனுப்பின. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே சிதையும். மறுபடி அனுப்ப வேண்டும். இந்த முறையில் தடத்தின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 சதவீதமே பயனாகும் என்று கணிதம் காட்டியது.

அலோஹாவை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், அனுப்பும் முன் தடம் காலியா என்று கவனிப்பது, மோதலை உணர்ந்தால் நிறுத்துவது என்ற உத்திகளோடு 1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து ஈதர்நெட்டை உருவாக்கினார். அதன் வேகம் 2.94 மெகாபிட். அப்போது எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. இன்று அப்படியில்லை. உங்கள் லேன் கேபிளில் இருப்பது உங்கள் கணினியும் எதிர்முனையிலுள்ள சுவிட்சும் மட்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் பேசலாம், மோதலே கிடையாது.

வைஃபை இன்னும் பகிர்ந்துதான் இயங்குகிறது. அனுப்பும் முன் கவனிக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் கிடைத்தது என்ற பதில் வர வேண்டும். அதே தடத்திலுள்ள பக்கத்து வீட்டு ரூட்டருக்கும் வழிவிட வேண்டும். விண்டோஸ் காட்டும் இணைப்பு வேகம் 867 என்றால், கோப்பை நகர்த்தும்போது அதில் அறுபது, எழுபது சதவீதம் கிடைத்தாலே நல்ல நிலை.

கம்பியில் கணக்கு நேரானது. ஒரு முழு ஈதர்நெட் பொதி, தலைப்பு, சோதனை எண், முன்துடிப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து 1,538 பைட் இடத்தை எடுக்கும். அதில் நமது தரவு 1,448 பைட். விகிதம் 94.1 சதவீதம். ஆகவே 1 கிகாபிட் இணைப்பில் 941 மெகாபிட்டும், 2.5 கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 2,350 மெகாபிட்டும் கிடைக்கும். காலையிலும் இரவிலும் அதே அளவு. மேசையை விட்டு நகராத கணினிக்கு, கேபிள் இழுக்க வழியிருந்தால், இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை.

கேபிளிலும் ஒரு பொறி உண்டு. கிகாபிட் ஈதர்நெட் கேபிளிலுள்ள நான்கு ஜோடிக் கம்பிகளையும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ஜோடியும் இரு திசையிலும் 250 மெகாபிட் சுமக்கிறது. பழைய 100 மெகாபிட் தரத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஆர்ஜே45 முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு பல வேளைகளில் அறுபடாது. ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடும். வேகச் சோதனை எப்போதும் 94-ஐத் தாண்டுவதில்லை என்றால், புது அடாப்டர் வாங்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை 2.5 கிகாபிட் தாங்கும். கேட்6 அதே தூரத்துக்கு 5 கிகாபிட். அந்தத் தூரம் முழுதும் 10 கிகாபிட் கிடைக்கக் கேட்6ஏ வேண்டும்.

யூஎஸ்பி என்ற வாசல்

1996-இல் வெளியான யூஎஸ்பி, விசைப்பலகை, மவுஸ், பிரிண்டர் போன்றவற்றுக்காக வடிவமைக்கப்பட்டது. வேகம் 12 மெகாபிட். அதன் அடிப்படை விதி, கணினி கேட்டால்தான் கருவி பதில் சொல்ல வேண்டும் என்பது. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்த பிறகே மாணவர் பேசுவதுபோல. யூஎஸ்பி 2.0-இல் இந்த அழைப்புகள் 125 மைக்ரோ வினாடிக்கு ஒரு சுற்றாக அடுக்கப்படுகின்றன. கணினிக்குள் பொருத்தும் பிசிஐஇ கார்டு அப்படியல்ல. பொதி வந்தவுடன் தானே நினைவகத்தில் எழுதிவிடும். யூஎஸ்பி அடாப்டருக்கு வழியில் கூடுதல் படிகள் இருப்பதால் புராசஸருக்கும் வேலை கூடுகிறது.

பெட்டியிலுள்ள எண்ணை அதிகம் வீணடிப்பது யூஎஸ்பி 2.0 போர்ட்தான். அதன் 480 மெகாபிட்டில் நடைமுறையில் 300-க்குச் சற்று மேலேயே கிட்டும். 867 எட்டக்கூடிய சிப்பை யூஎஸ்பி 2.0 முனையோடு விற்கும் சிறிய டாங்கிள்கள் சந்தையில் இருக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் யூஎஸ்பி எண்ணை அவசியம் படியுங்கள்.

2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 பெயரளவில் 5 கிகாபிட். ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் அது 4 ஆகிறது. மற்ற செலவுகள் போக 3.5-க்கு அருகில் நிற்கிறது. 2.5 கிகாபிட் லேன் அடாப்டர் இதற்குள் தாராளமாக அடங்கும். 5 கிகாபிட் அடாப்டரை இதே போர்ட்டில் செருகினால் மூன்றரைக்கு மேல் வராது. அதற்கு 10 கிகாபிட் யூஎஸ்பி போர்ட் வேண்டும். யூஎஸ்பி 3.0-க்கே பிறகு 3.2 ஜென் 1 என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எனவே 3.2 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், 5, 10, 20 என்று எழுதியிருக்கும் கிகாபிட் அளவைப் பாருங்கள்.

சிப்பும் டிரைவரும்

அடாப்டரின் மேலிருக்கும் நிறுவனப் பெயரைவிட உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் அதிகம் சொல்லும். 2.5 கிகாபிட் யூஎஸ்பி லேன் அடாப்டர்களில் மிகப் பரவலானது ரியல்டெக்கின் ஆர்டிஎல்8156 வரிசை. கிகாபிட்டுக்கு அதே நிறுவனத்தின் ஆர்டிஎல்8153, ஏசிக்ஸின் ஏஎக்ஸ்88179 ஆகியவை. வைஃபையில் லினக்ஸ் பயன்படுத்துவோர் மீடியாடெக்கின் எம்டி7921ஏயூ போன்ற, லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள சிப்பைத் தேடுவது நல்லது. தனியாக இறக்கி நிறுவும் டிரைவர்கள் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் உடைய வாய்ப்புண்டு. ஒரே மாடல் பெயரில், பதிப்பு எண் மட்டும் மாறி, வேறு சிப்போடு வரும் அடாப்டர்கள் உண்டு என்பதால் பதிப்பு எண்ணையும் சரிபார்க்க வேண்டும்.

யாருக்கு எது?

முதலில் அளவிடுங்கள். மடிக்கணினி ஒன்றை நல்ல கேபிளால் ரூட்டரில் இணைத்து வேகத்தைச் சோதித்தால், இணைப்பு உண்மையில் எவ்வளவு தருகிறது என்று தெரியும். பிறகு டெஸ்க்டாப்பில் சோதியுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் நீங்கள் சரிசெய்யக்கூடியது. வீட்டுக்குள் கணினிக்குக் கணினி வேகத்தை அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இணைப்பு 100 மெகாபிட் என்றால், 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் இரண்டு ஆன்டெனா அடாப்டர் எதுவும் போதும்; யூஎஸ்பி 2.0 கூடத் தடையாகாது. அதற்கு மேல் கொடுக்கும் பணம் எந்தக் கட்டத்தையும் அகலமாக்காது. 300 முதல் 1,000 வரை என்றால், மதர்போர்டிலேயே கிகாபிட் லேன் போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தேவை ஒரு கேபிள் மட்டுமே. அந்தப் போர்ட் பழுதாகியிருந்தால், அல்லது 100 மெகாபிட் வகையாக இருந்தால், யூஎஸ்பி 3.0 கிகாபிட் லேன் அடாப்டர் எளிய தீர்வு. கேபிள் இழுக்கவே முடியாத இடத்தில் யூஎஸ்பி 3.0 வைஃபை 6 அடாப்டர், இரண்டு வெளி ஆன்டெனாக்கள், நீட்டிப்புக் கம்பி.

வீட்டுச் சேமிப்பகத்திலிருந்து பெரிய காணொளிகளை நகர்த்துவோருக்கு 2.5 கிகாபிட் பொருத்தம். இன்றைய வன்தட்டு ஒன்று வினாடிக்குச் சுமார் 200 மெகாபைட் தரும், அது 1.6 கிகாபிட். கிகாபிட் கேபிள் அதைத் தடுக்கும், 2.5 தடுக்காது. சுவிட்ச், சேமிப்பகம், கணினி மூன்றும் 2.5-இல் பேச வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எஸ்எஸ்டியிலிருந்து எஸ்எஸ்டிக்கு நகர்த்தும் படத்தொகுப்பாளருக்கே 10 கிகாபிட் பயன்படும். தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 போர்ட் இல்லாத டெஸ்க்டாப்பில் வெளி அடாப்டரைவிட பிசிஐஇ கார்டே சிக்கனமும் நிலையான வேகமும் தரும்.

வைஃபையின் எண்கள் அடுத்த பத்தாண்டிலும் ஏறிக்கொண்டே போகும். காற்றைப் பகிர்ந்தாக வேண்டும் என்பதும், இரைச்சலுக்கு மேலே எழுந்தால்தான் சமிக்ஞை என்பதும் மாறப்போவதில்லை. அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு எண்களைக் குறியுங்கள்: இணைப்பின் வேகம், ரூட்டரின் தரம், கேபிளின் வகை, கணினியின் யூஎஸ்பி வேகம். நான்கிலும் சிறியது எதுவோ அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அடாப்டர் அந்த நான்குக்கும் ஈடுகொடுத்தால் போதும். அதற்கு மேல் உள்ள எண்ணுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.